பிள்ளைகளின் படங்களை ஊருக்குக் காட்டுவது

ஓவியப் பள்ளி நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளின் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பள்ளிக்கு விளம்பரம் கிடைக்கும், புதிய சேர்க்கை வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. வகுப்பில் வரைந்ததை ஆசிரியர் பார்ப்பார், வீட்டில் அம்மாவும் பாட்டியும் பார்ப்பார்கள். அவர்கள் அன்பால் பார்க்கிறவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று, குனிந்து, ஒரு படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு நகர்வது வேறு அனுபவம். தான் கண்டதும் நினைத்ததும் இன்னொருவரிடம் போய்ச் சேரும் என்பதைப் பிள்ளை அப்போதுதான் தெரிந்துகொள்கிறது.

அப்படிப் போய்ச் சேர வேண்டுமானால், சுவரில் இருப்பது பிள்ளையின் படமாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கண்காட்சிகள் பலவற்றில் அது இல்லை. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஓடை, குடிசை, சாய்ந்த தென்னை மரம், வானத்தில் நான்கு காக்கைகள். இந்த ‘சீனரி’யைக் கடலோரத்தில் பிறந்து மலையையே பார்க்காத பிள்ளையும் வரைகிறது. பக்கத்தில் மயில், அதற்குப் பக்கத்தில் பிள்ளையார். கரும்பலகையில் ஆசிரியர் போட்டதைப் பார்த்து எல்லோரும் வரைந்தவை. கண்ணும் மூக்கும் ஆசிரியரே திருத்தியவை. பார்க்கிறவர்கள் ‘ரொம்ப அழகு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வரைந்த பிள்ளைக்கு மட்டும் தெரியும், அது தன்னுடையது இல்லை என்று.

ஆகவே இந்த அத்தியாயத்தில் ஆணி, கயிறு, விளக்கு எல்லாவற்றையும் பற்றிச் சொல்லப் போகிறேன் என்றாலும், அவை எல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குக் கீழ்ப்பட்டவை. பெரியவர் கை படாத படத்தைத்தான் மாட்ட வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் கண்காட்சியைத் தள்ளிப்போடுங்கள்.

வியன்னாவிலிருந்து ஒரு பாடம்

பிள்ளைகளின் படங்களைப் பொது இடத்தில் வைக்கலாம் என்ற எண்ணமே மிகப் பழையது அல்ல. 1898-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கலைக்கூடத்தில், பிள்ளையைக் கலைஞனாகவே கருதும் தலைப்பில் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1897-ல், வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் தம்முடைய இளையோர் ஓவிய வகுப்பைத் தொடங்கியிருந்தார். ஓவியப் பள்ளி நடத்துகிற யாரும் அவர் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சிசெக் 1865-ல் பொஹீமியாவில் பிறந்தவர். வியன்னாவுக்கு ஓவியம் படிக்க வந்து, ஒரு தச்சர் வீட்டில் குடியிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் இவருடைய அறைக்கு வந்து, இவருடைய வண்ணங்களை எடுத்து, தங்கள் போக்கில் வரைந்தார்கள். அவற்றைத் திருத்தத் தோன்றவில்லை அவருக்கு. பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. அந்தப் படங்களைத் தம் ஓவிய நண்பர்களிடம் காட்டினார். வியன்னாவின் பழைய கலை மரபோடு முரண்பட்டுக்கொண்டிருந்த அந்த நண்பர்கள்தான் பள்ளி தொடங்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தார்கள். கட்டணம் கிடையாது. பார்த்து வரைய மாதிரி கிடையாது. 1908-ல் குஸ்தாவ் கிளிம்ட்டும் தோழர்களும் வியன்னாவில் நடத்திய பெரிய கலைக் கண்காட்சியில் அவருடைய மாணவர்களின் படங்களும் இடம்பெற்றன.

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா பட்டினியில் கிடந்தது. நிவாரண வேலைக்காக அங்கே போன பிரான்செஸ்கா வில்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி இந்த வகுப்பைப் பார்த்து வியந்து, 1920-ல் அந்தப் படங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார். குழந்தைகளுக்கான நிவாரண நிதி திரட்டுவது நோக்கம். கண்காட்சி பிரிட்டனின் பல ஊர்களுக்குப் போனது. பிறகு அமெரிக்காவுக்கும் போனது. படங்களை அஞ்சலட்டைகளாகவும் அச்சிட்டு விற்றார்கள். பள்ளிகளில் கனசதுரத்தையும் கூஜாவையும் பார்த்து நகலெடுக்க வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ ஆசிரியர்கள் இந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்றுதான் மனம் மாறினார்கள்.

கதையின் இன்னொரு பாதியும் முக்கியம். அந்தப் படங்களைப் பார்த்த சிலருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. இத்தனை பிள்ளைகளின் வேலையும் ஏன் ஒரே சாயலில் இருக்கிறது? அதே அலங்காரக் கோடுகள், அதே பூ வேலைப்பாடு, அதே திருத்தமான பூச்சு. மாதிரி எதுவும் கொடுக்காத ஆசிரியரின் விருப்பு வெறுப்புகூட வகுப்பறைக் காற்றில் கலந்து பிள்ளைகளின் கைக்குள் போய்விடும் என்பதற்கு அது சான்று. அவர் எதைப் பார்த்துப் புன்னகைக்கிறார் என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத இந்தக் குறை, எல்லாப் படங்களையும் ஒரே சுவரில் வரிசையாக மாட்டும்போது பளிச்சென்று தெரியும். உங்கள் கண்காட்சியை நீங்களே முதலில் இந்தக் கண்ணோடு பாருங்கள். முப்பது பிள்ளைகளின் மரங்களும் ஒரே மாதிரி கிளை விடுகின்றன என்றால், அந்தச் சுவரில் இருப்பது உங்கள் கை.

வேலை வகுப்பில் தொடங்குகிறது

கண்காட்சிக்கென்று தனியாகப் படம் வரைய வைக்காதீர்கள். ‘எக்ஸிபிஷனுக்கு வரையணும், நல்லா போடு’ என்ற சொல் காதில் விழுந்த நிமிடமே பிள்ளை தனக்குத் தெரிந்த பாதுகாப்பான சீனரிக்குப் போய்விடும். ஆண்டு முழுவதும் வகுப்பில் வரைந்தவற்றைச் சேர்த்துவைத்து அதிலிருந்து எடுப்பதுதான் சரியான வழி.

அதற்கு ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும், கீழ் மூலையில், பென்சிலால் மூன்று விவரங்கள் எழுத வேண்டும். பெயர், வயது, தேதி. பேனாவால் எழுதினால் முன்பக்கம் மை ஊறும், அல்லது அழுத்தம் தெரியும். தேதி இல்லாத படம் பாதி மதிப்பை இழந்த படம், ஏனென்றால் பிள்ளைகளின் ஓவியத்தில் ஆறு மாத இடைவெளி மிகப் பெரியது. படம் வரைந்த கையோடு அதைப் பற்றிப் பிள்ளை சொன்னதையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பிறகு கேட்டால் வேறு கதை சொல்வார்கள், அல்லது தோளைக் குலுக்குவார்கள்.

திருத்தாமல் எப்படிக் கற்றுத்தருவது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு மரியன் ரிச்சர்ட்சனின் முறையைச் சொல்வேன். இங்கிலாந்தின் டட்லி என்ற ஊரில் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர் அவர். மாணவிகளைக் கண்ணை மூடச் சொல்லி, தாம் பார்த்த ஒரு காட்சியை, ஒரு கடைத்தெருவையோ மழையில் நனைந்த சாலையையோ, சொற்களால் விவரிப்பார். ஒவ்வொருத்திக்கும் மனத்தில் ஒரு படம் எழும். கண் திறந்து அதை வரைவார்கள். பார்த்து நகலெடுக்க எதுவும் இல்லாததால் இருவர் படம் ஒன்றாக வராது. 1917-ல் லண்டனில் ரோஜர் ஃபிரை என்ற கலை விமர்சகர் குழந்தைகளின் படங்களைக் காட்சிக்கு வைத்திருந்தபோது, ரிச்சர்ட்சன் தம் மாணவிகளின் படங்களை அவரிடம் காட்டினார். ஃபிரை அவற்றையும் அந்தக் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டார். நம் வகுப்பில் இதைச் செய்வது எளிது. வெள்ளிக்கிழமைச் சந்தை, தேர் நிலைக்கு வரும் நேரம், மின்வெட்டு இரவு, பாட்டி ஊருக்குப் போகும் பேருந்து. ஐந்து நிமிடம் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

எந்தப் படம்?

வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் படமும் இருக்க வேண்டும். இதில் பேரம் இல்லை. நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் படம் மாட்டினால், மீதி ஐந்து பேருக்கு நீங்கள் அன்று கற்றுக்கொடுப்பது ‘உனக்கு வரைய வராது’ என்பதைத்தான். அது வாழ்நாள் முழுக்க நிற்கும்.

ஆளுக்கு இரண்டு படம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் பிள்ளை தேர்வு செய்யட்டும், ஒன்றை ஆசிரியர் தேர்வு செய்யட்டும். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். பிள்ளை சுத்தமாக முடித்ததை எடுக்கும். நீங்கள் எடுப்பது அது துணிந்து போட்ட கோட்டை. இந்த வேறுபாட்டைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதே ஒரு நல்ல பாடம். பெற்றோரைத் தேர்வுக்கு அழைக்காதீர்கள்.

இவற்றோடு, சம்மதிக்கிற இரண்டு மூன்று பிள்ளைகளின் ஓராண்டுப் படங்களைத் தேதி வரிசையில் ஓரிடத்தில் மாட்டுங்கள். தாளின் அடி விளிம்பில் தரைக்கோடு போட்டு அதன் மேல் எல்லாவற்றையும் நிற்க வைத்த பிள்ளை, சில மாதங்களில் தெருவுக்கு உள்ளே போகும் தூரத்தைக் காட்டத் தொடங்கியிருக்கும். கண்காட்சியில் அதிக நேரம் ஆட்கள் நிற்பது இங்கேதான் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இடமும் மாதமும்

பெரிய கலைக்கூடம்தான் வேண்டும் என்பதில்லை. சென்னையில் இருப்பவர்கள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியின் கூடங்களை விசாரிக்கலாம். ஆனால் அங்கே வருகிறவர்கள் ஓவியம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டுமே. தற்செயலாக உள்ளே நுழைகிறவர்கள் வருகிற இடம் இன்னும் நல்லது. கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம், ஊராட்சிக் கட்டடம், கோயிலுக்குப் பக்கத்து மண்டபம், ரயில் நிலையக் கூடம் ஆகியவற்றுக்கு உரிய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மாவட்டங்களில் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. அவர்களோடு சேர்ந்து நடத்தினால் ஓவிய வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் படங்களும் சுவருக்கு வரும்.

கல்யாண மண்டபம் வேண்டுமென்றால் ஆடியிலும் மார்கழியிலும் கேளுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்கள் என்பதால் காலியாக இருக்கும், வாடகையும் பேசலாம். ஆடியில் ஒரே எச்சரிக்கை: திறந்தவெளிப் பந்தல் வேண்டாம், காற்று படங்களைக் கிழித்துவிடும். மார்கழியில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் வாரம் மிகப் பொருத்தமானது. குழந்தைகள் தினமான நவம்பர் 14 எல்லோருக்கும் முதலில் தோன்றும் தேதி. வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிற தேதியும் அதுதான். காற்றில் ஈரம் ஏறிய நாளில் தாள் நெளியும், ஒட்டிய நாடா விடும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். அந்த நாளை விட மனமில்லாவிட்டால், சுவரில் ஓதம் இல்லாத, மேல்மாடி இல்லாவிட்டாலும் தரை உயர்ந்த ஒரு கூடமாகப் பாருங்கள்.

மூன்று நாளாவது நடத்துங்கள். அதில் ஒரு ஞாயிறு இருக்கட்டும். ஒரே நாள் கண்காட்சியில் திறப்பு விழாவைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை.

சுவர்க் கணக்கு

இடத்தை ஒப்புக்கொள்ளும் முன் அளவுநாடாவோடு போய்ச் சுவரை அளந்துவிடுங்கள். ஏ3 தாள் ஏறக்குறைய 42 சென்டிமீட்டருக்கு 30. சில படங்கள் நெடுக்கில் இருக்கும், சில கிடையில். இடைவெளியையும் சேர்த்துப் படம் ஒன்றுக்கு அரை மீட்டர் என்று போடுங்கள். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு என்றால் எண்பது படங்கள். ஒரே வரிசையில் மாட்ட 40 மீட்டர் சுவர் வேண்டும். இரண்டு வரிசை என்றால் 20 மீட்டர், அதாவது சுமார் 65 அடி. முப்பதுக்கு இருபது அடிக் கூடத்தின் சுற்றளவு 100 அடி. கதவு, ஜன்னல், அலமாரி, சுவிட்ச் போர்டு போக அநேகமாக இந்த அளவுதான் மிஞ்சும். போதவில்லை என்றால் பந்தல்காரர்களிடம் பிளைவுட் தடுப்புகள் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். மூன்று வரிசை மட்டும் வேண்டாம். மேல் வரிசையைக் குழந்தை பார்க்காது, கீழ் வரிசையைப் பெரியவர் பார்க்க மாட்டார்.

உயரம்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடியில் இருக்கும்படி மாட்டுவார்கள். அது வளர்ந்தவர்களின் கண் உயரம். ஐந்து வயதுப் பிள்ளையின் மொத்த உயரமே மூன்றரை அடிதான். தன் படத்தைத் தானே அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலையில் அதை வைப்பது யாருக்கு நடத்தும் கண்காட்சி? கீழ் வரிசையின் நடுப்புள்ளியை மூன்றடியிலும், மேல் வரிசையை ஐந்தடியிலும் வையுங்கள். சின்னப் பிள்ளைகளின் படங்கள் கீழே. பெரியவர்கள் குனியட்டும். குனிந்தால் பார்வை நிதானப்படும்.

மாட்டும் வேலை

பணத்தை ஃபிரேமில் போடாதீர்கள். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் எதிரொளித்துப் படமே தெரியாமல் போகும், விழுந்தால் காலில் குத்தும். லேமினேஷன் அறவே கூடாது. சூட்டில் கிரேயானும் ஆயில் பேஸ்டலும் உருகிப் பரவும், பிறகு அந்தத் தாளை எந்நாளும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் சுற்றிலும் இரண்டு அங்குலம் தெரியும்படி வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் மவுண்ட் அட்டையை வெட்டி, அதன் மேல் வையுங்கள். பச்சை, சிவப்புச் சார்ட்டில் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா பார்டர் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. படத்தின் நிறத்தை அது கொன்றுவிடும்.

படத்தை அட்டையில் முழுவதும் கோந்து தடவி ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும், பின்பக்கம், இரண்டு சின்னக் காகித மடிப்புகளை மைதாப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும், பிறகு சேதமில்லாமல் எடுக்கலாம். எடுத்ததும் அந்த மடிப்புகளைப் பிரித்துவிடுங்கள், பசை இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். செல்லோ டேப் படத்தின் மேல் படவே கூடாது. சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, தாளிலும் கறை இறங்கும்.

சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லாத இடமே அதிகம். இரண்டு தூண்களுக்கு இடையே இறுக்கமான நைலான் கயிறு கட்டி, பைண்டர் கிளிப்பில் அட்டையைத் தொங்கவிடுவது எளிய வழி. கயிறு நடுவில் தொய்யும் என்பதால் எட்டடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள். கிளிப் அட்டையைத்தான் பிடிக்க வேண்டும், படத்தை அல்ல. களிமண், காகிதக்கூழ் வேலைகள் இருந்தால் அவற்றுக்குச் சுவரோரம் மேசை போடுங்கள். நடுக்கூடத்தில் வைத்தால் முதல் மணி நேரத்தில் ஏதாவது ஒன்று உடையும்.

வெயில் நேராக விழும் சுவரில் ஸ்கெட்ச் பேனாப் படங்களை மாட்டாதீர்கள். அதன் மை மிக வேகமாக வெளுக்கும். அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவில் மங்கிய வெளிச்சமே தருவார்கள். மூன்று நாள் கண்காட்சிக்கு அவ்வளவு கவலை வேண்டாம், சாதாரண டியூப் லைட் போதும். வெயிலை மட்டும் திரை போட்டுத் தடுங்கள்.

சீட்டும் விளக்கமும்

படத்தின் கீழே வைக்கும் சீட்டில் பெயர், வயது, எதைக் கொண்டு வரைந்தது, பிள்ளை சொன்ன வாக்கியம். அவ்வளவுதான். ‘இயற்கையின் எழில்’, ‘தாய்மை’ என்று பெரியவர்கள் தலைப்பு வைக்க வேண்டாம். ‘இது எங்க தெரு. நாய் தூங்குது, அதனால வண்டி வரல’ என்று பிள்ளை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை எழுத்துத்தமிழாக மாற்றாமல் அப்படியே போடுங்கள். வயதைக் கட்டாயம் போடச் சொல்வதற்குக் காரணம், நாலு வயதுப் படத்தையும் பத்து வயதுப் படத்தையும் பார்வையாளர் ஒரே அளவுகோலில் வைத்துவிடக் கூடாது என்பதே.

வாசலுக்கு அருகே, பெற்றோருக்காக, ஒரு விளக்கப் பலகை அவசியம். பிள்ளைகளின் ஓவியம் வயதோடு எப்படி மாறுகிறது என்பதை விக்டர் லோவன்ஃபெல்டு 1947-ல் வெளியான தம் நூலில் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார். சுமார் நான்கு வயது வரை கிறுக்கல். பிறகு வட்டத்தலையிலிருந்தே கைகால் முளைக்கும் மனிதர்கள். ஏழு வயது வாக்கில் தரைக்கோடும், எல்லாவற்றுக்கும் ஒரு நிலையான உருவமும். ஒன்பது பத்து வயதில் ‘நிஜம் போல இல்லையே’ என்ற கவலை. இதை நான்கைந்து வரிகளில், உங்கள் பிள்ளைகளின் படங்களையே சான்றாகக் காட்டி எழுதுங்கள். பேருந்தின் தகரம் கண்ணாடிபோல இருந்து உள்ளே உட்கார்ந்தவர்கள் எல்லாம் தெரிவதும், வீட்டைவிட அம்மா பெரிதாக இருப்பதும் பிழை அல்ல, அந்த வயதின் சிந்தனை. அம்மாதான் பெரியவள் என்பதால் பெரிதாக வரைகிறது. இந்த ஒரு செய்தி பத்துப் பெற்றோருக்குப் போனாலே வீட்டில் பல ரப்பர்கள் ஓய்வெடுக்கும். இதை விரிவாகப் படிக்க விரும்பும் ஆசிரியர்கள், சேவாகிராமத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத்தந்த தேவி பிரசாத் எழுதி 1998-ல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட நூலைத் தேடிப் பிடியுங்கள். நம் நாட்டுக் கிராமப் பிள்ளைகளோடு இருந்து எழுதியது.

பெயர், புகைப்படம், உரிமை

பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, வகுப்பு, வீட்டு முகவரி, பெற்றோர் கைப்பேசி எண் எதுவும் சுவரில் இருக்கக் கூடாது. முதற்பெயரும் வயதும் போதும். யார் வேண்டுமானாலும் வரக்கூடிய இடம் அது. படத்தின் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் புகைப்படம் எடுத்துப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போடுவதற்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களைப் பற்றிய தரவுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதத்தைக் கேட்கிறது.

ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கே உரியது. வரைந்தவர் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தாலும், தாளும் வண்ணமும் பள்ளி கொடுத்ததாக இருந்தாலும் அப்படித்தான். காலண்டரில் அச்சிட, நன்கொடை அட்டையாக விற்க, பள்ளியின் பதாகையில் போட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சம்மதம் வாங்கி வைப்பதை நான் ஏற்கவில்லை. கடிதம் இப்படி இருக்கலாம்:

‘தங்கள் மகன்/மகள் வரைந்த இரண்டு படங்களைக் கண்காட்சியில் வைக்க விரும்புகிறோம். படத்தோடு முதற்பெயரும் வயதும் மட்டும் இருக்கும். (1) காட்சிக்கு வைக்கச் சம்மதம். (2) படத்தைப் புகைப்படம் எடுத்து வெளியிடச் சம்மதம். (3) பிள்ளையைப் புகைப்படம் எடுத்து வெளியிடச் சம்மதம். வேண்டியதை மட்டும் குறியிட்டுக் கையெழுத்திடவும். கண்காட்சி முடிந்து ஒரு வாரத்துக்குள் படங்களைத் திருப்பித் தருவோம்.’

பெற்றோர் கையெழுத்திட்ட பிறகு பிள்ளையிடமும் கேளுங்கள். ‘இதை வைக்க வேண்டாம்’ என்று சொன்னால் வைக்கக் கூடாது. சட்டம் கேட்கவில்லை என்றாலும் மரியாதை கேட்கிறது. மூலப்படத்தை விற்பதை, எவ்வளவு நல்ல காரியத்துக்கானாலும், தவிர்த்துவிடுங்கள்.

திறப்பு நாள்

சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம், பிள்ளைகள் பட்டுப்பாவாடையில் வியர்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், பிறகு பொன்னாடை, பிறகு ஆறு பேச்சுகள். கடைசியில் படங்களைப் பார்க்க நேரம் இல்லை. இதை மாற்ற வழி எளிது. குறித்த நேரத்தில் பிள்ளைகளே கதவைத் திறக்கட்டும். பேச்சு ஒன்றே ஒன்று, ஐந்து நிமிடம். விருந்தினரை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: ‘ஐயா, மேடையில் உட்கார வைக்க மாட்டோம், பிள்ளைகளோடு சேர்ந்து சுற்றிப் பார்க்க வேண்டும்.’ இதற்குச் சம்மதிக்கிறவரையே அழையுங்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், ஊரில் பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர், கோயில் சுதைச் சிற்பி என்று கையால் வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளிடம் நல்ல கேள்விகள் கேட்பார்கள்.

முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு வேண்டாம். நம் நாட்டில் சிறுவர் ஓவியம் என்றாலே போட்டிதான் நினைவுக்கு வருகிறது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் தொடங்கிய போட்டி உலகப் பிள்ளைகள் பங்குபெறும் அளவுக்கு வளர்ந்தது. அதனால் எத்தனையோ பிள்ளைகள் தூரிகையைத் தொட்டார்கள். போட்டிக்கு அதற்குரிய இடம் உண்டு. ஆனால் கண்காட்சியில் மூன்று படங்களின் மேல் ரிப்பன் ஒட்டிய மறுகணமே மற்ற எழுபத்தேழு படங்களைப் பார்ப்பதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளும் ரிப்பன் வாங்கிய படத்தைப் போலவே வரைவார்கள். ‘என் பையனுக்கு என்ன பரிசு?’ என்று கேட்கும் பெற்றோரிடம், ‘வாங்க, அவன் படத்தைப் பார்க்கலாம்’ என்று அழைத்துப்போங்கள்.

கூடத்தின் ஒரு மூலையில் தாழ்ந்த மேசை, வெற்றுத் தாள், கிரேயான் வையுங்கள். பார்க்க வருகிற பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் விக்டர் டி’அமிகோ 1942 முதல் பிள்ளைகளுக்காக நடத்திய கலைவிழாவுக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. அதையே இந்த மூலைக்கும் விதியாக்குங்கள். ஒரு நாடா கட்டி, வளர்ந்தவர்களை அதற்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். ‘மரத்துக்குப் பச்சை போடு’ என்ற குரல் அங்கே கேட்கக் கூடாது.

காவலுக்கு நிற்கும் மூத்த மாணவர்களுக்கு ஒரு பயிற்சி மட்டும் கொடுங்கள். பார்வையாளர் ‘இது என்ன?’ என்று பிள்ளையைக் கேட்டால் பிள்ளை சுருங்கிவிடும், தன் படம் புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். ‘இதைப் பற்றிச் சொல்லேன்’ என்று கேட்கும்படி மென்மையாகத் திருப்பிவிட அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், ‘எந்தப் படத்தின் முன் நின்றீர்கள், ஏன்?’ என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் ‘வாழ்த்துகள்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் புத்தகத்தை அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கழற்றிய பிறகு

கழற்றும் நாளுக்கும் ஆள் ஒதுக்குங்கள். மாட்டுவதற்கு இருபது பேர் வருவார்கள், கழற்ற இரண்டு பேர் மிஞ்சுவார்கள், அவசரத்தில்தான் படங்கள் கிழியும். மாட்டும்போதே எண்ணிட்ட ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தால் கழற்றும்போது சரிபார்க்கலாம். ஒவ்வொரு படத்தையும் நிழலில், நேர் எதிரே நின்று, புகைப்படம் எடுத்து எண்ணோடு சேமியுங்கள். ஆயில் பேஸ்டல் படங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஒட்டும்.

படங்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்காதீர்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். சுவருக்கு வராத படங்களையும் அந்தக் கட்டிலேயே சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளியின் பரணில் ஈரத்தில் கிடந்து எடைக்குப் போவதற்காக அவர்கள் வரையவில்லை. வாங்கிக்கொள்ள யாரும் வராத படங்களுக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். ஊர் மாறிப் போயிருந்தால் தபாலில் அனுப்புங்கள். அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கண்காட்சிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.